பூசை உடுப்பில் கைப்பூவேலை: கடைசி வாங்கிலிருந்து தொடங்குங்கள்

புனித லூசியாள் திருநாளுக்காக நான் முதன்முதலில் ஒரு சிவப்புச் சாசுபிளில், அதாவது குரு பூசையில் எல்லாவற்றுக்கும் மேல் போடும் அங்கியில், பூவேலை செய்தபோது எனக்கு 26 வயது. லூசியாளின் அடையாளம் ஒரு தட்டில் இரண்டு கண்கள். அந்தக் கண்களுக்கு மட்டும் மூன்று வாரம் போனது. இமைமயிர் ஒவ்வொன்றும் ஒற்றை இழை. கருமணிக்குள் வெளிச்சப் புள்ளிகூட வைத்தேன். திருநாளன்று பிந்திப் போனதால் கடைசி வாங்கில்தான் இடம் கிடைத்தது. ஃபாதர் கைகளை விரித்தபோது எனக்கு முன்னால் இருந்த பொடியன் தாயின் சாரியை இழுத்து, "அம்மா, ஃபாதரின்ட உடுப்பில ரெண்டு புல்ஸ்ஐ!" என்றான். நானும் பார்த்தேன். அவன் சொன்னது சரி. தட்டில் இரண்டு பொரித்த முட்டை.

அதற்குப் பிறகு எந்த உடுப்பைத் தொட்டாலும் முதலில் அந்த ஆலயத்தின் கடைசி வாங்குக்குப் போய் உட்காருகிறேன். பூசை உடுப்பில் கைவேலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு என் முதல் பாடமும் அதுதான். தையல் வகைகள் பிறகு வரட்டும்.

வண்ணத் தாளில் உங்கள் வடிவத்தை வெட்டி, உடுப்பின் துணியில் குண்டூசியால் குத்தி, பீடத்துக்குப் பக்கத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் போய்க் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். அப்போதும் இது புறா, இது கதிர், இது கிண்ணம் என்று தெரிந்தால் வடிவம் சரி. தெரியாவிட்டால் ஊசியால் அதைக் காப்பாற்ற முடியாது. பிரான்ஸில் வான்ஸ் ஊர்ச் சிற்றாலயத்துக்கு, அது 1951இல் அர்ச்சிக்கப்பட்டது, ஓவியர் மத்தீஸ் சாசுபிள்கள் வடிவமைத்ததும் வண்ணத் தாளை வெட்டி ஒட்டித்தான். அவருக்கே தாளும் கத்தரிக்கோலும் போதுமாக இருந்திருக்கிறது.

வரைவதற்கு முன் ஃபாதரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த நிறம்? வெள்ளை என்றால் கிறிஸ்மஸ், பாஸ்கா, மாதா திருநாள்கள், மறைசாட்சியாகாத, அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்படாத, புனிதர்கள். சிவப்பு குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, தூய ஆவியார் பெருவிழா, மறைசாட்சிகள். ஊதா திருவருகைக் காலமும் தவக்காலமும். பொதுக்காலம் முழுவதும் பச்சை. ரோஸ் நிறம் வருடத்தில் இரண்டே ஞாயிறு, திருவருகைக் காலத்தின் மூன்றாவதும் தவக்காலத்தின் நான்காவதும். அதனால் ரோஸில் கை பழகாதீர்கள், உங்கள் உழைப்பு அல்மாரிக்குள்ளேயே கிடக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பச்சைதான் நல்லது. அதுதான் அதிகம் போடும் உடுப்பு, அதோடு பச்சையில் பிழை அவ்வளவு தெரியாது.

அடுத்தது, கழுத்தில் தொங்கவிடும் நீளப் பட்டியான ஸ்டோலை ஃபாதர் எங்கே போடப் போகிறார் என்பது. பூசையில் ஸ்டோல் சாசுபிளுக்கு உள்ளே போய்விடும். அங்கே நீங்கள் ஆறு மாதம் தைத்த திராட்சைக் குலையை ஆண்டவர் மட்டும்தான் பார்ப்பார். ஞானஸ்நானம், ஒப்புரவு, நற்கருணை ஆசீர் இவற்றுக்கென்றால் ஸ்டோல் வெளியே தெரியும். தியாக்கோன், அதாவது குருவுக்கு அடுத்த நிலைத் திருத்தொண்டர், என்றால் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்காக வரும், ஆகவே குருவின் ஸ்டோல் வரைபடத்தை அப்படியே அவருக்குப் போட்டால் சிலுவை சாய்ந்து விலாவில் நிற்கும்.

பழைய சாசுபிள்களில் பெரிய சிலுவை முதுகில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் குரு பீடத்தைப் பார்த்து நின்றார், மக்கள் பார்த்தது முதுகை. இப்போது முன்பக்கம். ஆனால் முன்பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை எந்தப் படத்திலும் காண மாட்டீர்கள். பீடத்தின் விளிம்பு வயிற்றுக்கு நேரே வந்து உரசும். இடுப்பு உயரத்தில் புடைப்பான சரிகை வேலை வைத்தால் ஒரு வருடத்தில் நூல் எழும்பிவிடும். நான் இப்போது முன்பக்க வேலையை நெஞ்சோடு நிறுத்திக்கொள்கிறேன். கழுத்தைச் சுற்றிலும் நான்கு விரல் அகலம் வெறுமையாக விடுங்கள். ஒன்று வியர்வை. இன்னொன்று மைக். அந்தக் குட்டி மைக்கின் கிளிப் சரிகையைக் கவ்விக்கொண்டால் கழற்றும்போது அரை அடி நூலும் சேர்ந்து வரும்.

சரி, வடிவத்துக்கு எங்கே போவது? என்னிடம் சனிக்கிழமைகளில் பழக வரும் பிள்ளைகள் முதலில் ஃபோனைத்தான் எடுப்பார்கள். பிழையில்லை, ஆனால் தேடத் தெரிந்து தேட வேண்டும். விற்பனைக்கு வைத்திருக்கும் உடுப்புகளின் படங்கள் பெரும்பாலும் மெஷின் வேலை. அதைக் கையால் பிரதி எடுத்தால் மெஷினும் இல்லாமல் கையும் இல்லாமல் ஏதோ ஒன்றாக முடியும். அருங்காட்சியகங்களின் தளங்களுக்குப் போங்கள். லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சையன் கோப் என்ற பெரிய போர்வை அங்கி இருக்கிறது. ஓபுஸ் ஆங்கிலிக்கானும் என்று ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கிய ஆங்கிலேயக் கைவேலை. அந்தக் காலத்து வேலைகளின் படத்தைப் பெரிதாக்கி முகங்களைப் பாருங்கள், கன்னத்தில் தையல் வட்டமாகச் சுழன்று போகும். பட்டு நூலின் பளபளப்பு அந்தச் சுழலில் திரும்பித் திரும்பி விழுவதால் கன்னம் உருண்டு தெரியும். நிழலுக்கு வேறு நிறம் தேவைப்படவில்லை. இப்படி ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு படத்தை மூடிவிடுங்கள். முழுப் போர்வையையும் பார்த்துக்கொண்டிருந்தால் ஊசியைத் தொடவே மனம் வராது.

அப்புறம் வெளியே போங்கள். உங்கள் பங்கு ஆலயத்தின் வண்ணக் கண்ணாடி யன்னலைப் பாருங்கள். துண்டுகளைப் பிடித்திருக்கும் கறுப்பு ஈயக்கோடு இல்லாவிட்டால் அந்த நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து கஞ்சியாகிவிடும். பூவேலையிலும் அந்தக் கோடு வேண்டும். முக்கியமாக வெள்ளைத் துணியில் பொன் சரிகை தூரத்தில் கரைந்தே போகும், சுற்றி மெல்லிய கருஞ்சிவப்போ மண்ணிறமோ ஓடவிட்டால்தான் எழும்பி நிற்கும். கல்கிசையில் புனித தோமையார் கல்லூரிச் சிற்றாலயத்தில் டேவிட் பெயின்டர் வரைந்த, இயேசுவின் உருமாற்றச் சுவரோவியத்தை அனுமதி கேட்டு ஒருமுறை போய்ப் பாருங்கள், நம் நாட்டு ஓவியர் ஒருவர் வேதாகமக் காட்சியை எப்படித் தன்னுடையதாக்கினார் என்பதற்காக. கொழும்பு அருங்காட்சியகத்தில் கண்டிக் காலத்துக் கொடிக்கோலங்கள் இருக்கின்றன. திராட்சைக் கொடியை அந்த வளைவில் ஓடவிட்டால் இலங்கைத் திராட்சை ஆகிவிடும்.

எனக்கு மிகப் பெரிய பாடம் கிடைத்தது இவற்றில் ஒன்றிலுமில்லை. பக்கத்து வீட்டு அக்கா தைப்பொங்கலுக்கு வாசலில் போட்ட சிக்குக் கோலத்தில். புள்ளிகளைச் சுற்றி ஒரே கோடு, கையை எடுக்காமல் சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும். சரிகை வேலையில் உயிரை வாங்குவது நூலின் முனைகள். ஒவ்வொரு முனையையும் துணிக்குப் பின்னால் இழுத்து அடக்க வேண்டும், அங்கேதான் துணி கிழியும், சரிகை உரியும். கோட்டில் முனையே இல்லையென்றால்? அந்தக் கோலத்தையே நீட்டி ஒரு சிலுவையாக்கி, ஊதா ஸ்டோலில் ஒரே சரிகையால் தைத்தேன். அதை எப்படித் தைப்பது என்று கீழே விவரமாகச் சொல்கிறேன்.

எதையெடுத்தாலும் ஒரு உடுப்புக்கு ஒரு எண்ணம் போதும். அந்தோனியாருக்கு லீலி மலர், செபஸ்தியாருக்கு அம்பு. லீலியும் அப்பமும் புத்தகமும் குழந்தை இயேசுவும் மீனும் எல்லாம் ஒரே நெஞ்சில் வேண்டும் என்று கொடுப்பனவு செய்யும் குடும்பங்கள் கேட்பார்கள். திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, 344ஆம் எண்ணில், உடுப்பின் அழகு அலங்காரத்தின் மிகுதியில் இல்லாமல் துணியிலும் வடிவமைப்பிலும் இருக்கட்டும் என்று சொல்கிறது. நான் அதை ஒரு கொப்பித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வாக்குவாதம் வந்தால் தாளை நீட்டிவிடுவேன்.

துணிக்குப் புறக்கோட்டை பிரதான வீதியும் கெய்சர் வீதியும். கொழும்பு வெக்கையில் ஃபாதர் உள்ளே ஒரு சேர்ட், அதன்மேல் நீள வெள்ளங்கி, அதன்மேல் ஸ்டோல், எல்லாவற்றுக்கும் மேல் நீங்கள் தைத்தது, இவ்வளவோடும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். படத்தில் கண்ட கனத்த புரோக்கேட்டை வாங்காதீர்கள். லினன், பருத்தி, கொஞ்சம் சொரசொரப்பான பட்டு இவை நல்லவை. கடைக்காரர் எல்லாவற்றையும் சில்க் என்றுதான் சொல்வார். ஓரத்தில் இரண்டு நூலைப் பிடுங்கி வீட்டில் எரித்துப் பாருங்கள். மயிர் கருகிய மணம் வந்தால் பட்டு, கடுதாசி மணம் வந்தால் பருத்தி அல்லது லினன், உருகிக் கறுத்த முத்தாக நின்றால் பொலியெஸ்டர்.

உடுப்பின் துணியில் நேரே தைக்காதீர்கள் என்பது என் பிடிவாதம். வெளுக்காத பருத்தித் துணியிலோ லினனிலோ வேலையைத் தனியாக முடித்து, ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, ஓரத்தை மடித்து உடுப்பில் ஒட்டித் தைத்து, அந்தச் சந்தை ஒரு சரிகைக் கயிற்றால் மூடிவிடுங்கள். பழைய காலத்திலும் இப்படிச் செய்தார்கள். துணி பழுதானாலும் பூவேலை பிழைக்கும், அதை எடுத்து இன்னொரு உடுப்பில் வைக்கலாம். பிழை வந்தாலும் விலை கூடிய துணிக்கு ஒன்றும் ஆகாது.

வட்ட வளையம் சரிகையை நசுக்கும். நான்கு சட்டம் அடித்த மரச்சட்டம் எந்தத் தச்சுப் பட்டறையிலும் செய்து தருவார்கள். துணியைச் சுற்றிலும் நூலால் கட்டி இறுக்கி விரலால் தட்டினால் தவில் மாதிரிச் சத்தம் வர வேண்டும். வடிவத்தை ஏற்ற, ட்ரேசிங் பேப்பரில் கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, கரித்தூளைத் துணிப் பொட்டலத்தில் கட்டி மேலே தட்டுங்கள். கோலப்பொடி டப்பாவின் வேலைதான். தண்ணீரில் போகும் நீலப் பேனாவை நம்பி, மறந்துபோய் மேலே அயர்ன் வைத்தேன் ஒருமுறை. சூட்டில் அந்த நீலம் பிடித்துக்கொண்டது, இன்றுவரை போகவில்லை.

இனித் தையல். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக எடுத்தால் அலுப்புக் குறையும் என்று நினைப்பீர்கள், துணியில் போய் வந்து போய் வந்து கடைசிப் பாதி பஞ்சாகியிருக்கும். ஆறு இழைப் பருத்தி நூலில் தூரப் பார்வைக்கு மூன்று இழை, முகத்துக்கும் கைக்கும் ஒன்று. சிவப்பு நூலைத் தொடுமுன் ஈர வெள்ளைத் துணியில் வைத்து அயர்ன் பண்ணிப் பாருங்கள், சாயம் விட்டால் அந்த நூலைத் திருப்பிக் கொடுங்கள்.

கோடுகளுக்குக் காம்புத் தையல். முகம், கை, இறகு இவற்றுக்குப் பிளவுத் தையல், அதாவது முந்திய தையலின் நூலை நடுவில் பிளந்துகொண்டு ஊசி மேலே வருவது. பெரிய இலை, மலர் இதழ்களுக்கு நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றி நிரப்புவது. அதற்கு முன் ஓரத்தில் ஒரு வரி பிளவுத் தையல் ஓடவிட்டு, அதை மூடிக்கொண்டு தைத்தால் ஓரம் கத்தியால் வெட்டியது போல நிற்கும். இவை பள்ளிக்கூடத்தில் மனையியல் படித்தவர்களுக்குப் புதிதல்ல. பெரிய பின்னணியை நிரப்ப, சங்கிலித் தையல் போடும் கொக்கி முனை ஆரி ஊசி கெட்டிக்காரி. வெள்ளவத்தையில் கலியாணச் சாரிச் சட்டைக்கு வேலை செய்கிறவர்களைப் பாருங்கள், ஒரு உள்ளங்கை இடத்தை மாலைக்குள் முடித்துவிடுவார்கள். சிலர் பூசை உடுப்புக்கு ஆரி சரிவராது என்று மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு விளங்குவதில்லை. இந்தியாவின் இந்த வேலைதான் 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸுக்குப் போய் அங்கே தம்பூர் என்று பெயர் வாங்கியது. ஒரு எச்சரிக்கை மட்டும்: முடிவு முடிச்சைச் சரியாகப் பூட்டாவிட்டால் ஒரு நூலை இழுக்க முழுச் சங்கிலியும் ஓடிவரும்.

இப்போது சரிகை. பொன் சரிகை துணிக்குள் போய் வரக் கூடாது, போனால் மேல்பூச்சு உரிந்துவிடும். அதைத் துணியின் மேல் படுக்க வைத்து, வேறொரு மெல்லிய நூலால் குறுக்கே கட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டும் நூலைத் தேன்மெழுகில் இரண்டு தரம் இழுங்கள், இல்லாவிட்டால் சரிகை அதை அறுக்கும். கோலச் சிலுவைக்குச் சரிகையை நடுவில் மடித்தேன். அந்த மடிப்பு தொடக்கம், அங்கே முனையே இல்லை. இரண்டு இழையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க, மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு கட்டு. அடுத்த வரி பக்கத்தில் வந்தால், கட்டுகள் செங்கல் சுவர் மாதிரி முந்திய கட்டுகளின் இடைவெளிக்கு நேரே விழ வேண்டும். ஊசி வெளிப்பக்கத்திலிருந்து மேலே வந்து, முந்திய வரியின் அடியை நோக்கிச் சரிந்து இறங்கினால் வரிகளுக்கிடையில் துணி தெரியாது.

வளைவில் கட்டுகளை நெருக்குங்கள். கூர்மூலையில் இரண்டு இழையையும் சேர்த்துத் திருப்பாதீர்கள், மூலை உருண்டுவிடும். வெளி இழையை முனையில் தனியாக ஒரு கட்டு, பிறகு உள் இழையைத் தனியாக ஒரு கட்டு, பிறகு சேர்த்துப் போங்கள். கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் கடப்பதற்குச் சற்று முன் கட்டை நிறுத்தி, சரிகையை மேலால் தாவவிட்டு, அந்தப் பக்கம் மறுபடி கட்டுங்கள். சிலுவை முழுவதும் சுற்றி மடிப்புக்கே திரும்பி வந்தேன். அடக்க வேண்டியிருந்தது இரண்டே முனை. மூன்று விரற்கடை நீளம் விட்டு, பெரிய காதுள்ள ஊசியைத் துணியில் பாதி இறக்கி, காதில் முனையைக் கோர்த்து, ஒரே இழுப்பில் பின்னால் எடுத்துப் பின்பக்கத் துணியில் தைத்தேன்.

கட்டும் நூலின் நிறத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது. மஞ்சளால் கட்டினால் பொன் பொன்னாகவே இருக்கும், சிவப்பால் கட்டினால் சூடேறும். கட்டுகளை நெருக்கியும் விலக்கியும் நிறம் மாற்றிக்கொண்டே போனால் பொன்னுக்குள்ளிருந்து ஓவியம் எழும். 15ஆம் நூற்றாண்டில் பர்கண்டி நாட்டார் இதில் மன்னர்கள். அவர்களின் 'தங்க ஆட்டுத்தோல்' என்ற வீரர் குழுவுக்குச் செய்த பூசை உடுப்புகள் வியன்னாவில் இருக்கின்றன. நான் அந்த முறையில் ஒரு தடவை ஒரு புறா செய்தேன், கட்டைவிரல் அளவு, நான்கு மாதம். அடுத்தது இன்னும் தொடங்கவில்லை.

புடைப்பு வேண்டுமென்றால் அடியில் ஃபெல்ட் துணி. சின்னத் துண்டு முதலில், பெரியது மேலே, கடைசித் துண்டு எல்லாவற்றையும் மூடட்டும். அதன்மேல் ஆரி வகுப்புகளில் சர்தோசி என்று சொல்லும் சுருள்கம்பியை வெட்டி மணிபோலக் கோர்க்கலாம். வெல்வெட் துண்டின் மேல் வைத்து வெட்டுங்கள், மேசையில் வெட்டினால் பாதி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

"மிஸ், சரிகை ஏன் கறுக்குது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். மலிவான சரிகை செம்பின் மேல் பூச்சு, நாம் இருப்பது கடற்காற்றில். வியர்வைக் கையும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். தேங்காய் எண்ணெய் பூசிய தலையைச் சட்டத்தின் மேல் சாய்க்காதீர்கள். இரவு துணியில் ஊசியைக் குத்தி விட்டுப் போகாதீர்கள், காலையில் துருப்பொட்டு இருக்கும். முடிந்த உடுப்பை மடித்தால் மடிப்பில் சரிகை உடையும். ஸ்டோலை வேலை வெளியே பார்க்கச் சுருட்டுங்கள், சாசுபிளை அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள், மேலே பழைய பருத்திச் சாரித் துண்டு. பொலித்தீன் பையில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

கழுவுவது பற்றியும் ஃபாதரிடம் முதலிலேயே சொல்லி விடுங்கள், சரிகை வேலைக்குத் தண்ணீர் கூடாது என்று. நான் ஸ்டோலின் கழுத்து வளைவுக்கு, குரு முத்தமிடும் அந்தச் சின்னச் சிலுவைக்கு மேலே, வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றை இழைத்தையலில் பிடித்து வைப்பேன். அழுக்கானால் அதை மட்டும் பிரித்துக் கழுவித் திரும்பப் பிடிக்கலாம். ஒவ்வொரு ஸ்டோலோடும் இரண்டு கொடுப்பேன். ஒன்று எப்படியும் சேர்ட்டுகளோடு வோஷிங் மெஷினுக்குப் போய்விடும்.